குருதி வகை குணத்தைச் சொல்லுமா?

இரத்தத்தையும் குணத்தையும் சேர்த்துப் பேசுவது நமது மொழிக்குப் புதிதல்ல. இளைஞன் அவசரப்பட்டால், 'இளரத்தம், அப்படித்தான் கொதிக்கும்' என்கிறோம். தகப்பனைப் போல மகனும் கோபக்காரனாக இருந்தால், 'அது அவன்ட இரத்தத்துலயே ஊறினது' என்று ஊரில் கதையை முடித்துவிடுவார்கள். கல்யாணம் பேசும் வீட்டில், 'நல்ல இரத்தம்தானா, விசாரிச்சுப் பாத்தீங்களா?' என்ற கேள்வி இன்றும் காதில் விழுகிறது. இவையெல்லாம் உருவகங்கள். குடும்பம், வளர்ப்பு, பழக்கம் என்று நீட்டிச் சொல்ல வேண்டியதை ஒரே சொல்லில் சுருக்கிக்கொள்கிறோம். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அது தெரியும்.

ஆனால் அண்மைக் காலமாக இந்த உருவகம் விஞ்ஞானத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வருகிறது. ஏ வகைக் குருதி உள்ளவர்கள் ஒழுங்கானவர்கள், பி வகையினர் தன்னிஷ்டக்காரர்கள், ஓ வகையினர் தலைமை தாங்கப் பிறந்தவர்கள், ஏபி வகையினர் யாருக்கும் பிடிபடாதவர்கள் என்றொரு பட்டியல் கைபேசிகளில் சுற்றுகிறது. எங்கள் ஆசிரியர் ஓய்வறைக்கும் அது வந்தது. ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் தத்தம் 'பிளட் குரூப்'பைச் சொல்லிச் சிரித்தோம். அதுவரை அது விளையாட்டுத்தான். பிறகு ஒருவர், வகுப்பில் அடங்காத ஒரு மாணவனைக் குறிப்பிட்டு, 'அவன் பியாத்தான் இருப்பான், திருத்தேலாது' என்றார். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த 'திருத்தேலாது' என்ற சொல்தான்.

குருதி வகை என்பது என்ன?

நான் தமிழ் படிப்பிப்பவன். விஞ்ஞான ஆசிரியன் அல்லன். ஆனாலும் இதில் விளங்கிக்கொள்ள வேண்டிய அடிப்படை, பாடசாலைப் புத்தகத்தின் அளவைப் பெரிதாகத் தாண்டுவதில்லை.

1901ஆம் ஆண்டு வியன்னா நகரில் கார்ல் லான்ட்ஸ்டெய்னர் என்ற மருத்துவ ஆய்வாளர் ஓர் எளிய பரிசோதனையின் முடிவை வெளியிட்டார். ஒருவருடைய குருதியின் தெளிந்த நீர்ப்பகுதியை எடுத்து, மற்றொருவருடைய செங்குழியங்களோடு கலந்து பார்த்தார். சில சோடிகளில் செங்குழியங்கள் திரண்டு கட்டிபட்டன. சிலவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. இதை வைத்து மனிதக் குருதியை அவர் மூன்று வகையாகப் பிரித்தார். நான்காவதான ஏபி வகை அடுத்த ஆண்டு அவருடைய சகாக்களால் கண்டறியப்பட்டது. இன்று குருதி ஏற்றுவது பாதுகாப்பான காரியமாக இருக்கிறதென்றால் அதன் அத்திவாரம் இதுதான். 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வகைகளுக்கிடையிலான வித்தியாசம் செங்குழியத்தின் மேற்பரப்பில் இருக்கிறது. அங்கே சீனி இனத்தைச் சேர்ந்த மூலக்கூறுகள் சங்கிலிபோல ஒட்டியிருக்கின்றன. ஒன்பதாவது நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு பரம்பரையலகு, அச்சங்கிலியின் நுனியில் இன்னுமொரு சீனியைச் சேர்க்கும் நொதியத்தை உண்டாக்குகிறது. ஏ வகையில் ஒரு சீனி சேர்கிறது. பி வகையில் வேறொன்று சேர்கிறது. ஏபி வகையில் இரண்டும் உண்டு. ஓ வகையில் அந்த நொதியம் வேலை செய்வதில்லை, எதுவும் சேர்வதில்லை. இதன் மரபணு எழுத்துக்களை 1990இல் படித்துக் காட்டியவர் ஃபுமிஇச்சிரோ யமமோட்டோ என்ற ஜப்பானியரும் அவரது குழுவினரும். பொதுவாகக் காணப்படும் ஓ வகையில், ஏ வகைக்குரிய எழுத்துத் தொடரில் ஓர் எழுத்து விடுபட்டிருப்பதையும் அவர்கள் கண்டார்கள். தலைமை தாங்கப் பிறந்தவர் என்று பட்டியல் புகழும் ஓ வகைக்காரரின் இரகசியம், சொல்வதெழுதலில் ஓர் எழுத்து தவறிப்போன மாதிரியான சங்கதிதான்.

போர்முனையிலிருந்து வகுப்பறைக்கு

இந்தச் சீனி மூலக்கூறு எப்படி மனிதக் குணமாக மாறியது? அந்தக் கதை முதலாம் உலகப் போரின் சலோனிகா முனையில் தொடங்குகிறது. அது இன்றைய கிரேக்கத்தின் தெசலோனிகி நகரம். அங்கே பல நாட்டுப் படைவீரர்கள் கூடியிருந்தார்கள். லுட்விக் ஹிர்ஸ்ஃபெல்ட், அவர் மனைவி ஹன்கா ஹிர்ஸ்ஃபெல்ட் என்ற இரு மருத்துவர்கள் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோரின் குருதியைச் சோதித்து, 1919இல் முடிவை வெளியிட்டார்கள். மேற்கு ஐரோப்பியரிடம் ஏ வகை கூடுதல். கிழக்கே வர வர பி வகை கூடுகிறது. அவர்கள் சோதித்த இந்தியப் படைவீரர்களிடம் பி மிக அதிகம். இந்த விகிதத்துக்கு அவர்கள் ஓர் 'இனச்சுட்டி'யும் வகுத்தார்கள்.

எண்கள் பிழையானவை அல்ல. அவற்றை எடுத்தாண்ட கைகள்தான் பிழையானவை. ஜெர்மனியின் இனவாத எழுத்தாளர்கள் சிலர் ஏ வகையை உயர்ந்த இனத்தின் அடையாளமாகவும், பி வகையைக் கீழ்த்திசையின் தாழ்வுக்கு அடையாளமாகவும் எழுதத் தொடங்கினார்கள். யூதக் குடும்பத்தில் பிறந்த ஹிர்ஸ்ஃபெல்டையே பின்னாளில் நாஸிகள் வார்ஸோ நகரின் யூதச் சேரிக்குள் அடைத்தார்கள் என்பது வரலாற்றின் கொடுமை.

குருதி வகைக்கும் இனத்துக்கும் முடிச்சுப் போடும் இந்தப் பேச்சு பரவியிருந்த காலத்தில்தான் ஜப்பானில் ஒரு புதிய கொள்கை பிறந்தது. டோக்கியோவில் பெண்களுக்கான உயர் ஆசிரியர் கல்லூரியில் கடமையாற்றிய டக்கெஜி ஃபுருகவா, குருதி வகையைக் கொண்டு மனப்பாங்கை அறியலாம் என்ற ஆய்வுக் கட்டுரையை 1927இல் வெளியிட்டார். அவரும் நம்மைப் போல ஆசிரியத் தொழிலில் இருந்தவர். ஆனால் அவர் ஆதாரமாகக் கொண்ட ஆட்கள் மிகக் குறைவு. அவருக்கு நெருக்கமான வட்டத்தினர்.

அக்கொள்கை எங்கே போய் நின்றது என்று பாருங்கள். அப்போது தாய்வான் ஜப்பானின் குடியேற்ற ஆட்சியில் இருந்தது. 1930 ஒக்டோபரில் முஷா என்ற மலைப்பகுதியில் சீடிக் பழங்குடியினர் கிளர்ந்தெழுந்து 134 ஜப்பானியரைக் கொன்றார்கள். ஜப்பானியப் படை அதை மிகக் கொடூரமாக அடக்கியது. கட்டாய வேலை, பொலிஸாரின் கெடுபிடி, தொடர்ந்த அவமதிப்பு என்று அக்கிளர்ச்சிக்குக் கண்முன்னே காரணங்கள் இருந்தன. ஃபுருகவாவோ குருதியில் காரணம் தேடினார். தாய்வான் மக்களிடம் ஓ வகை சுமார் 41 சதவீதம், ஜப்பானின் வடக்கே வாழும் ஐனு மக்களிடம் சுமார் 24 சதவீதம் என்று ஒப்பிட்டு, தாய்வானியரின் அடங்காமைக்கு ஓ வகையே காரணம் என்றார். கலப்புத் திருமணத்தின் மூலம் அதைக் குறைக்கலாம் என்ற யோசனையும் அவரிடம் இருந்தது. ஆட்சியாளன் செய்த அநியாயத்தைப் பேசாமல் இருப்பதற்கு, ஆளப்பட்டவனின் இரத்தத்தைக் குறைசொல்வதைவிட வசதியான வழி வேறு ஏது?

ஒரு நாட்டின் பழக்கமானது

1930களிலேயே இக்கொள்கை ஜப்பானிய அறிஞர்களிடையே மதிப்பிழந்தது. அதற்கு மறுபடி உயிர் கொடுத்தவர் மசஹிக்கோ நோமி. மருத்துவமோ உளவியலோ கற்றவரல்லர், எழுத்துத் துறைக்காரர். குருதி வகைகளுக்கிடையிலான பொருத்தம் பற்றி 1971இல் அவர் எழுதிய நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதன் பிறகு சஞ்சிகைகள், தொலைக்காட்சி நிகழ்ச்சிகள், சோடிப் பொருத்தம் பார்க்கும் நிறுவனங்கள் என்று அது பெருகியது. 2008இல் ஜப்பானில் அதிகம் விற்ற பத்துப் புத்தகங்களில் நான்கு, நான்கு குருதி வகையினருக்குமான 'என்னைப் பற்றிய விளக்கக் கையேடு' என்ற வரிசையைச் சேர்ந்தவை.

ஜப்பானியரில் ஏறத்தாழ 40 சதவீதம் ஏ, 30 சதவீதம் ஓ, 20 சதவீதம் பி, 10 சதவீதம் ஏபி. இந்த எண்களைக் குணப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பான்மையான ஏ வகைக்கு ஒழுங்கு, பொறுமை, கடமையுணர்வு என்று அச்சமூகம் மெச்சும் குணங்கள் கிடைத்திருக்கின்றன. சிறுபான்மையான பி வகைக்குச் சுயநலம். இன்னும் சிறிய ஏபி வகைக்கு 'விசித்திரம்'. இலங்கையில் ஓ வகையினரே அதிகம். ஏ வகையைவிட பி வகை சற்றுக் கூடுதல். இப்படியொரு பட்டியல் இங்கே பிறந்திருந்தால் நற்குணங்களின் பங்கீடு எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை. சிறுபான்மையாக வாழ்ந்து பழகிய நமக்கு இந்தக் கணக்கு சட்டென்று விளங்க வேண்டும்.

விளையாட்டு அங்கே விளையாட்டாக நிற்கவில்லை. வேலைக்கான நேர்முகப் பரீட்சையில் குருதி வகை கேட்கப்படுவதும், பிள்ளைகள் வகையைச் சொல்லிக் கேலி செய்யப்படுவதும் நடந்தன. இந்தத் துன்புறுத்தலைக் குறிக்க 'புராஹரா' என்ற சொல்லே ஜப்பானிய மொழியில் உருவாகிவிட்டது. 2004இல் அந்நாட்டின் ஒலிபரப்பு ஒழுக்க அமைப்பு, குருதி வகையை வைத்து மனிதரைத் தரம்பிரிக்கும் நிகழ்ச்சிகளைத் தவிர்க்குமாறு தொலைக்காட்சி நிலையங்களைக் கேட்டுக்கொண்டது. 2011இல் சுனாமிக்குப் பின் புனரமைப்பு அமைச்சராக நியமிக்கப்பட்ட ரியு மட்சுமோட்டோ, பாதிக்கப்பட்ட மாகாணமொன்றின் ஆளுநரிடம் கடுமையாகப் பேசிக் கண்டனத்துக்கு ஆளானார். தனது குருதி பி வகை என்றும், அதனால் சில வேளை அவசரப்பட்டுப் பேசிவிடுவதாகவும் அவர் சமாதானம் சொன்னார். பதவியேற்ற சில நாட்களிலேயே அவர் விலக நேர்ந்தது. அடுத்தவரைக் குற்றம் சொல்ல உதவிய அதே பட்டியல், தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் உதவியது.

சோதித்தால் என்ன கிடைக்கிறது?

நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் 2004, 2005ஆம் ஆண்டுகளில் திரட்டப்பட்ட தரவுகளை உளவியலாளர் கெங்கோ நவட்டா ஆராய்ந்து, 2014இல் முடிவை வெளியிட்டார். 68 கேள்விகளில் 65க்கு, குருதி வகைகளுக்கிடையே கணக்கில் எடுக்கத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை. மிகுதி மூன்றில் தெரிந்த வித்தியாசமும் ஒன்றுமில்லை என்று சொல்லத்தக்க அளவுக்குச் சிறியது.

புள்ளிவிபரம் வேண்டாம் என்பவர்கள் சாதாரணமாக யோசித்தாலும் போதும். மத்திய, தென் அமெரிக்கப் பழங்குடிகள் பலரிடம் ஏறக்குறைய எல்லோருமே ஓ வகையினர். அவர்களுக்குள் கோழையும் வீரனும், வாயாடியும் அமைதியானவரும் இல்லாமலா இருக்கிறார்கள்? எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையில் வேறு வகைக் குருதி உள்ளவரிடமிருந்து மச்சை பெற்றால், காலப்போக்கில் நோயாளியின் குருதி வகையே கொடையாளியின் வகையாக மாறிவிடுகிறது. ஏயாக இருந்தவர் பியாக வீடு திரும்புவார். அதற்காக அவர் தன் மனைவி பிள்ளைகளுக்குப் புது ஆளாகத் தெரிவதில்லை.

அப்படியானால் 'எனக்கு அப்படியே பொருந்துதே' என்று ஏன் இத்தனை பேர் சொல்கிறார்கள்? அமெரிக்க உளவியலாளர் பேர்ட்ராம் ஃபோரர் 1948இல் இதற்கு விடை காட்டினார். தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணப் பரீட்சை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி முடிவு என்று ஒரு தாளைக் கொடுத்தார். உண்மையில் எல்லாத் தாள்களிலும் இருந்தது ஒரே வாசகம். சோதிடப் புத்தகமொன்றிலிருந்து பொறுக்கியது. அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. 'வெளியில் உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் சில நேரம் தடுமாறுவீர்கள்' என்ற மாதிரி எழுதினால் பொருந்தாத மனிதர் யார்?

இதைவிடக் கவலைக்குரிய விடயம் ஒன்று உண்டு. சக்கமோட்டோ, யமசக்கி என்ற ஆய்வாளர்கள் 1978 முதல் 1988 வரையான ஜப்பானியக் கருத்துக் கணிப்புத் தரவுகளைப் பார்த்தார்கள். இந்த நம்பிக்கை ஊடகங்களில் பரவப் பரவ, மக்கள் தம்மைப் பற்றித் தாமே சொல்லும் குணங்களும் பட்டியலை நோக்கிச் சற்று நகர்ந்திருந்தன. குருதி அவர்களை மாற்றவில்லை. குருதியைப் பற்றிய கதை மாற்றியது.

உண்மையான தொடர்பு எங்கே?

குருதி வகைக்கும் உடலுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்வதும் பிழை. அச்சீனி மூலக்கூறுகள் செங்குழியத்தில் மட்டுமல்ல, இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் குடலிலும் கூட உள்ளன. ஓ வகையினருக்கு உயிராபத்தான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு. குடற்புண் வாய்ப்போ சற்றுக் கூடுதல். குருதி உறைவதற்கு உதவும் ஒரு புரதம் அவர்களிடம் மற்றவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவு. ஆகவே நாளங்களில் இரத்தக் கட்டி உண்டாகும் ஆபத்தும் அவர்களுக்குக் குறைவு.

மூளையைத் தொடும் வழி இந்த இரத்தக் குழாய்களூடாகத்தான் வருகிறது. 2014இல் அமெரிக்காவின் வெர்மொன்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏபி வகையினருக்கு முதுமையில் ஞாபகம், சிந்தனை தொடர்பான தளர்ச்சி ஏற்படும் வாய்ப்பு 82 சதவீதம் கூடுதல் என்று அறிவித்தார்கள். கேட்டவுடன் பயம் வரும். விரித்துப் பார்த்தால், அந்நாட்டு மக்களில் ஏபி வகையினர் சுமார் 4 சதவீதம். தளர்ச்சி கண்டோரில் அவர்கள் சுமார் 6 சதவீதம். இது ஒரு தொடர்பு மட்டுமே. காரணம் என்று கொள்ளப் போதாது. இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல் என்பவற்றைக் கவனிப்பதுதான் எந்த வகையினருக்கும் பயன் தரும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. மூளையில் டோபமீனை நோரட்ரினலினாக மாற்றும் நொதியத்துக்கான பரம்பரையலகு, ஒன்பதாவது நிறமூர்த்தத்தில் குருதி வகைக்குரிய பரம்பரையலகுக்கு அருகில் இருக்கிறது. மனநிலையோடு தொடர்புடைய இரசாயனங்கள் இவை என்பதால் சில ஆய்வாளர்கள் இங்கே ஒரு தொடர்பு இருக்கலாம் என்று கருதினார்கள். ஆனால் பக்கத்து வளவில் குடியிருப்பதால் மட்டும் இருவர் ஒரே குடும்பமாகிவிட மாட்டார்கள். பெரிய அளவில் ஆட்களைச் சோதித்தபோது குணத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்பதை மேலே பார்த்தோம்.

பழைய கொள்கையின் பெருந்தன்மை

நமது யுனானி மருத்துவமும் இரத்தத்தைக் குணத்தோடு சேர்த்துப் பேசியதே என்று கேட்கலாம். உண்மைதான். கிரேக்கரிடமிருந்து பெற்று இப்னு சீனா 'அல்கானூன்' நூலில் விரித்த கொள்கைப்படி, உடலில் தம், பல்கம், சஃப்ரா, சவ்தா என்ற நான்கு கலவைகள் உண்டு. இரத்தம், சளி, மஞ்சட் பித்தம், கரும்பித்தம் என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம். இவற்றின் சமநிலையே ஒருவரின் மிஸாஜ். இரத்தம் மேலோங்கியவர் மகிழ்ச்சிப் போக்குடையவர், கரும்பித்தம் மேலோங்கியவர் கவலைப் போக்குடையவர் என்றெல்லாம் அதில் வரும்.

இன்றைய உயிரியல் அந்த நான்கு கலவைகளை ஏற்பதில்லை. ஆனால் அக்கொள்கையில் ஒரு பெருந்தன்மை இருந்தது. மிஸாஜ் வயதோடு மாறும், பருவகாலத்தோடு மாறும், உணவாலும் உறக்கத்தாலும் நடையாலும் சீர்ப்படும் என்று அது சொன்னது. ஹகீம் ஒருவரின் மிஸாஜைப் பார்த்தது அவரைத் திருத்த வழி தேடி. குருதி வகைப் பட்டியலோ பிறப்போடு கணக்கை மூடிவிடுகிறது. ஆயிரம் ஆண்டு பழைய கொள்கை திறந்து வைத்த கதவை, ஏறத்தாழ நூறு ஆண்டே பழைய ஒன்று பூட்டுகிறது.

எப்போது இரத்தத்தைக் கேட்க வேண்டும்?

கல்யாணம் பேசும்போது இரத்தத்தை விசாரிக்கத்தான் வேண்டும் என்றால், விசாரிக்க வேண்டியது வேறு. மாப்பிள்ளையும் பெண்ணும் தலசீமியாக் காவிகளா என்று சோதித்துக்கொள்வது மிக முக்கியம். இருவருமே காவிகளாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் கடுமையான நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. மச்சான் மச்சினிக்குள் மணம் முடிக்கும் குடும்பங்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கர்ப்பிணித் தாய் நெகட்டிவ் வகையானால் அதை ஆரம்பத்திலேயே மருத்துவரிடம் சொல்லி, உரிய காலத்தில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இரத்ததான முகாமுக்கு வகை தெரிந்து போவது நல்லது. இவற்றில் ஒன்றும் குணம் பற்றியதல்ல. எல்லாம் உயிர் பற்றியது.

வகுப்பறையைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் றொசென்தால், ஜேக்கப்சன் என்ற இருவர் 1968இல் வெளியிட்ட ஆய்வு ஆசிரியர்களுக்குப் பரிச்சயமானது. எழுந்தமானமாகத் தெரிந்தெடுத்த சில பிள்ளைகளை, 'இவர்கள் இந்த வருடம் நன்றாக முன்னேறுவார்கள்' என்று ஆசிரியரிடம் சொல்லி வைத்தார்கள். கீழ் வகுப்புகளில் அப்பிள்ளைகள் உண்மையிலேயே முன்னேறினார்கள். அந்த விளைவு எவ்வளவு பெரியது என்று அறிஞர்கள் பின்னர் வாதிட்டாலும், ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையைத் தொடுகிறது என்பதை வகுப்பில் நிற்கிற எவரும் மறுக்கமாட்டார். நல்லெண்ணம் தொடுமென்றால் 'திருத்தேலாது' என்பதும் தொடும்.

நமது பேச்சுவழக்கு இதில் பட்டியலைவிட நிதானமானது. 'இரத்தத்துல ஊறினது' என்கிறோம். ஊறுதல் என்பது பிறந்தவுடன் இருப்பதல்ல. வெளியில் இருப்பது நாட்கணக்கில், மெல்ல மெல்ல உள்ளே இறங்குவது. அரிசி ஊறுவதற்கும் நேரம் வேண்டும். ஒரு பிள்ளைக்குள் என்ன ஊறுகிறது என்பது, அவன் வீட்டிலும் வகுப்பிலும் நாளாந்தம் எதைக் கேட்கிறான் என்பதைப் பொறுத்தது. தவணை முடிவில் முன்னேற்ற அறிக்கையின் கீழே நாம் எழுதும் இரண்டு வரிகளும் அதில் சேரும். அவற்றை எழுதுவதற்கு அவனுடைய குருதி வகை நமக்குத் தேவையில்லை.